வற்றல்

வற்றல் என்பது காய்களை உப்பிட்டு வெயிலில் உலர்த்திச் சேமிக்கும் உணவுப்பொருள் ஆகும். சுண்டைக்காய், மணத்தக்காளி, மிளகாய் முதலியன உப்பு கலந்த மோரில் ஊறவைத்து உலர்த்தப்படுகின்றன. நீர் வற்றுவதாலும் உப்பு சேர்வதாலும் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகுவதில்லை.

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்வதால், வற்றலைக் கோடையிலேயே இட்டு வைப்பர். கொட்டிவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. காற்றுப்புகாத கலத்தில் வைக்காவிடில் பூஞ்சை பிடிக்கும்.

வற்றல், புளி, குழம்புப்பொடி, நல்லெண்ணெய் இருப்பின் காய்கறி வாங்காமலே வற்றல் குழம்பு வைக்கலாம். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம் போதும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாட்கணக்கில் தடைப்பட்டது. அத்தகைய நாட்களில் உறைபெட்டியில் உள்ள உணவு கெட்டுவிடும். வற்றலுக்கு மின்சாரம் தேவையில்லை.