வல்வோடைனியாவில் நோயெதிர்ப்புச் செல்களின் பங்கு

1. வரையறை

பெண் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில், தொற்று, தோல்நோய், புற்று என எந்தக் காரணமும் புலப்படாமல் மூன்று மாதமாவது நீடிக்கும் வலியை வல்வோடைனியா என்கிறது 2015-ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறை. மாதவிடாய் நிற்காத வயதினரிடம் அதிகம் காணப்படுவது, தொட்டால் எழும் யோனி முகப்பு வலி. பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்ல அழுத்தினாலே எரியும். பாஸ்டன் பகுதியில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 16 விழுக்காட்டுப் பெண்கள் வாழ்வில் ஒருமுறையேனும் இத்தகைய நீடித்த வலி இருந்ததாகச் சொன்னார்கள். பார்வைக்கு எதுவும் தென்படாததால், மனம்தான் காரணம் என்று சொல்லி இவர்களில் பலரை அனுப்பிவிடுகிறார்கள். திசு ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை.

2. மாஸ்ட் செல்லும் நரம்பும்

1987-இல் மருத்துவர் ஃபிரெட்ரிக் இந்நோயை முகப்பு அழற்சி என வகுத்தார். ஆனால் அழற்சிச் செல்கள் நலமுள்ள பெண்களின் முகப்பிலும் இருந்தன. அப்பெயர் பின்னர் கைவிடப்பட்டது. எத்தனை செல்கள் என்பதைவிட, எந்தச் செல்கள், என்ன செய்கின்றன என்பதே உரிய கேள்வி. வலியுள்ள திசுவில் மேற்படலத்துக்குள் நரம்பு முனைகள் மிகுந்திருப்பதை 1998-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினர். நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான மாஸ்ட் செல்களும் அங்கே கூடுதல் என்று 2004-இல் இஸ்ரேலின் போர்ன்ஸ்டைன் குழு கண்டது. அவை வெளியிடும் ஹெப்பரனேஸ் என்னும் நொதி அடித்தளச் சவ்வைச் சிதைக்கிறது; நரம்பிழைகள் அவ்வழியே மேலேறுகின்றன என்பது அவர்களின் விளக்கம்.

3. ஃபைப்ரோபிளாஸ்ட்: காவல் செல்லாகும் இணைப்புத்திசு

என் பார்வையில் மிக வலுவான சான்று, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபாஸ்டர் குழு செய்த ஆய்வுகளே. ஒரே பெண்ணின் வலிக்கும் முகப்பிலிருந்தும் வலியற்ற வெளிப்புறத்திலிருந்தும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்னும் இணைப்புத்திசுச் செல்களை எடுத்து வளர்த்து, கேண்டிடா பூஞ்சைக்கு ஆட்படுத்தினார்கள். முகப்புச் செல்கள் அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-6, புராஸ்டாகிளாண்டின் இ2 ஆகிய இரண்டையும் மிகுதியாகச் சுரந்தன. நலமுள்ள பெண்களிடமும் முகப்பே கூடுதல் கூர்மையுடையது. நோயுள்ளவர்களிடம் அக்கூர்மை இன்னும் மிகுகிறது. பூஞ்சையை இனங்காணும் டெக்டின்-1 ஏற்பி இதில் பங்கேற்கிறது. மரபணுவும் உடலும் அதே பெண்ணுடையவை. இடம் மட்டுமே வேறு. எனவே ஒப்பீடு நேர்மையானது. கருவளர்ச்சியில் முகப்பு அகப்படலத்திலிருந்தும் சுற்றியுள்ள தோல் புறப்படலத்திலிருந்தும் உருவாகின்றன என்பதும், இரு இடங்களின் செல்களும் வேறுபடுவதை நோக்கும்போது, இங்கே எண்ணத்தக்கது.

4. தொற்று போன பின்னும்

2011-இல் வெளியான எலி ஆய்வொன்றில், திரும்பத் திரும்பக் கேண்டிடா தொற்றுக்கு ஆளான எலிகளில் சிலவற்றுக்குத் தொற்று தீர்ந்த பின்னும் தொடுவலி நீடித்தது. அங்கே நரம்பிழைகளும் பெருகியிருந்தன. அடிக்கடி பூஞ்சைத் தொற்று வந்ததாகச் சொல்லும் பெண்ணின் மாதிரியில் இன்று பூஞ்சை வளராமல் போகலாம். அதனால் அவள் சொல்லும் வலி பொய்யாகாது. அவளுடைய பழைய தொற்றுகளின் விவரத்தை மருத்துவர் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இரத்தத்தை மட்டும் சோதித்து நோயெதிர்ப்பு இயல்பாக உள்ளது என முடிவுகட்டும் ஆய்வும் போதாது. கோளாறு சில மில்லிமீட்டர் திசுவுக்குள் அடங்கியிருக்கலாம்.