ஒழுங்கு குலையும் வேளை: நாவலில் ஓட்டிச மனிதன்

சீராக ஓடிக்கொண்டிருக்கும் வாழ்வில் ஏதேனுமொன்று குலைந்தாற்றான் கதை பிறக்கும். நாவல் எழுதுவோர் யாவரும் அறிந்த உண்மை இது. ஆனால், ஒழுங்கே மூச்சாக வாழும் ஒருவனைக் கதைத்தலைவன் ஆக்கும்போது அந்தக் குலைவு என்ன பொருளைப் பெறுகின்றது? ஓட்டிசமுடைய மனிதரைப் பற்றிய நாவல்களின் வரலாறு, இவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களிற் சொல்லப்பட்ட விடைகளின் வரலாறே எனலாம்.

தமிழ்நாட்டார் ஆட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் வழங்குவதையே நாம் ஓட்டிசம் என்கிறோம். இது தொற்றும் நோயன்று. குழந்தைப் பருவத்திலேயே தென்பட்டு வாழ்நாள் முழுவதும் தொடரும் வளர்ச்சி நிலை. 1920களின் நடுப்பகுதியில் ரஷ்ய மருத்துவர் குரூன்யா சுகரேவா இத்தகைய சிறுவர்களை விவரித்து எழுதினார். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவர் கண்ட முக்கியமான பண்பு, எல்லாம் நேற்றிருந்தபடியே இன்றும் இருக்கவேண்டும் என்ற தணியாத நாட்டமாகும். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கரும் இதனையொத்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பின்னர் நெடுங்காலம் தாயின் பாசக்குறைவே காரணம் என்று பழி சுமத்தப்பட்டது. 1964இல் பேர்னாட் றிம்லண்ட் எழுதிய நூல் அப்பழியை அசைத்தது. அவரும் ஓட்டிசமுடைய மகனொருவனின் தந்தையே.

பெயர் பிறப்பதற்கு முன்பே இத்தகைய மனிதனின் சாயல் நாவலில் தோன்றிவிட்டது. 1873இல் ஜூல்ஸ் வேர்ண் எழுதிய எண்பது நாளில் உலகப் பயணக் கதையின் தலைவர் பிலியஸ் பொக்கை நினைவுகூர்வோம். சவரத்துக்கான வெந்நீர் 86 பாகை பரனைற்றுக்குப் பதிலாக 84 பாகையில் வந்ததென்று வேலையாளை நீக்கியவர் அவர். அவருக்கு இன்றைய மருத்துவப் பெயரொன்றைச் சூட்டுதல் தகாது. வேர்ணின் நோக்கம் அதுவன்று. எனினும், கடிகாரம் போல் வாழ்ந்தவர் ஒரு பந்தயத்தால் உலகெங்கும் அலைய நேர்ந்ததே அக்கதையின் சுவை. அங்கே குலைவு என்பது வீரப் பயணம்.

1988இல் வெளிவந்த ‘றெயின் மான்’ திரைப்படம் ஓட்டிசம் என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியது. பராமரிப்பு நிலையமொன்றில் அட்டவணைப்படி வாழும் றேமண்டை, தந்தையின் சொத்துக்காகத் தம்பி வெளியே அழைத்துச் செல்கிறான். பயணத்தின் முடிவில் மாறுபவன் தம்பியே; அண்ணன் நிலையத்துக்குத் திரும்புகிறான். குலைவின் வேதனை ஒருவனுக்கு, பயன் மற்றவனுக்கு. இப்படத்தின் பின், ஓட்டிசமுடையோர் யாவரும் கணித மேதைகள் என்ற தவறான எண்ணமும் பரவியது.

நாவல் இதற்கு மறுமொழி சொன்னது, அந்த மனிதனையே பேசவைத்ததன் மூலம். 2003இல் மார்க் ஹடன் எழுதிய நாவலில் 15 வயதுக் கிறிஸ்தோபர் தன் கதையைத் தானே சொல்கிறான். அயல்வீட்டு நாய் கொல்லப்பட்டதைத் துப்பறியப் புறப்பட்டவன், தனியே புகையிரதமேறி லண்டனுக்குப் போகவேண்டி வருகிறது. நிலையத்தின் இரைச்சல் தாங்காது மணிக்கணக்கில் அசையாதிருக்கும் அவன் நிலையை வாசகர் உள்ளிருந்தே உணர்கின்றனர்.

அதற்குச் சற்று முன், ஓட்டிசமுடைய மகனின் தாயான எலிசபெத் மூன், ‘த ஸ்பீட் ஒவ் டார்க்’ என்ற நாவலைத் தந்திருந்தார். லூ என்ற வளர்ந்த மனிதன் தொழில் பார்க்கிறான். வாரத்தில் ஒரு நாள் வாட்பயிற்சிக்குச் செல்கிறான். அவன் காரின் ரயரை ஒருவன் வெட்டுகிறான். புதிய மேலதிகாரியோ, ஓட்டிசத்தை நீக்கும் பரிசோதனைச் சிகிச்சைக்கு உட்படுமாறு நெருக்குகிறான். ஒழுங்கு மட்டுமன்றித் ‘தான்’ என்பதே குலையும் நிலை. சிகிச்சையின் பின் எழுந்து வரும் மனிதன் பழைய லூ தானா என்ற கேள்வியை எழுப்பும் இந்நாவல் நெபியூலா விருது பெற்றது. 2013இல் அவுஸ்திரேலியாவின் கிறயம் சிம்சியன் எழுதிய ‘த றோசி புரொஜெக்ட்’ வேறு வழியிற் சென்றது. கிழமைக்கு இன்ன உணவு என்று வகுத்து வாழும் மரபியற் பேராசிரியரின் அட்டவணையைக் காதல் குலைக்கிறது. இங்கே குலைவு நகைச்சுவையாகவும் மருந்தாகவும் அமைகின்றது. சிரிக்கலாம், ஆனால் குலைத்தால் திருந்துவான் என்ற கருத்து அதில் ஒளிந்திருப்பதையும் மறத்தலாகாது.

தமிழிலும் இத்துறை வெறுமையாக இல்லை. யெஸ். பாலபாரதியின் ‘துலக்கம்’ நாவல், ஓட்டிசமுடைய பிள்ளையொருவன் வழிதவறிப்போவதைக் கதையாக்கியது. தன் பெயரையும் ஊரையும் கேட்டாற் சொல்ல இயலாதவன் பெருநகரின் நடுவே நின்றால் என்னாகும் என்பதே அதன் பதற்றம்.

இவ்விடத்தில், வந்தாறுமூலையிலிருந்து எழுதும் நான் நம் மண்ணை நோக்காதிருத்தல் இயலாது. ஒழுங்கு குலைதல் நமக்குக் கதையுத்தி மட்டுமன்று. 1978 நவம்பர் 23ஆந் திகதி சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டியது. 1990இல் இவ்வூர்ப் பல்கலைக்கழக வளாகமே அகதி முகாமாயிற்று. செப்டெம்பர் 5ஆந் திகதி அங்கிருந்து கொண்டு செல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. 2004இல் ஆழிப்பேரலை, 2011இல் பெருவெள்ளம். இத்தனைக்கும் நடுவே, அதே கோப்பையில் அதே நேரத்தில் தேநீர் வேண்டுமென்ற மனிதரும் நம்மிடையே வாழ்ந்தேயிருப்பர். அவர்களை ‘ஒரு மாதிரி’ என்ற இரு சொல்லில் ஊர் அடக்கியிருக்கும். சோதனைச் சாவடியில் கண்ணை நேரே பாராமல், கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லி நிற்பவன், துப்பாக்கி ஏந்தியவன் பார்வையில் என்னவாகத் தெரிந்திருப்பான்?

இது கற்பனை அச்சமன்று. 2020 மே 30ஆந் திகதி ஜெருசலேமில், சிறப்புத் தேவையுடையோருக்கான கல்வி நிலையத்துக்குத் தன் வழமையான பாதையால் நடந்து சென்ற ஓட்டிசமுடைய பாலஸ்தீனர் ஒருவர் பொலிஸாராற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹடனின் நாவலிலும், தொட்ட பொலிஸ்காரரை அடித்துவிட்டுக் கிறிஸ்தோபர் பொலிஸ் நிலையம் செல்கிறான். அங்கே அவனை விளங்கிக்கொள்ள ஒரு தந்தை வருகிறார். நாவலுக்கும் வீதிக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவே.

இலங்கையில் 1996இலேயே வலுவிழந்தோர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2009இல் வெளியான ஆய்வொன்று, இந்நாட்டின் ஒரு பகுதியில் ஏறத்தாழ 93 குழந்தைகளில் ஒருவரிடம் ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அப்படியானால் ஒவ்வொரு பாடசாலையிலும், ஒவ்வொரு குறிச்சியிலும் அவர்கள் இருக்கின்றனர். வளர்ந்து மனிதராகியும் இருக்கின்றனர்.

வாவிக்கரை நாவலாசிரியர்கள் போரையும் புயலையும் எழுதியிருக்கின்றனர். முகாமின் வரிசையில், பழகிய பாயும் பழகிய நேரமும் பறிபோக, காதைப் பொத்திக்கொண்டு நின்ற அந்த ஒருவனை அவனது உள்ளிருந்து எழுதும் பணி அவர்கள் முன் உண்டு. அவ்வாறான நாவலைப் படித்த இளைஞனொருவன் நாளை பொலிஸ் உத்தியோகத்தனாகவோ, கிராம அலுவலராகவோ, ஆசிரியனாகவோ ஆகக்கூடும். பதில் சொல்லாமல் நிற்பவனைக் கண்டதும் கையை ஓங்காமல், ஒரு கணம் பொறுத்து நிற்க அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு கணம் ஓர் உயிரின் விலை.