திரும்பி வரும் பாட்டில்

என் அப்பாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. கேஸ் ஏற்றும்போது வெடித்த பாட்டில் போட்டது. அதற்கப்புறம்தான் மெஷினுக்கு முன்னால் உட்காரும்போது முகத்துக்குக் கம்பிவலை மாட்டவும் கையில் சாக்குத்துணி சுற்றவும் பழகினார். பழனி அடிவாரத்தில் சோடா போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. தைப்பூசம் வந்துவிட்டால் நடந்து வந்து, 693 படி ஏறி இறங்கி, நாக்கு வறண்டு நிற்கும் கூட்டத்துக்காக ராத்திரி பகல் பார்க்காமல் மெஷின் சுற்றும். “சாமி, ஒரு பன்னீர் சோடா” என்று நீளும் கைகளுக்கு நான் எடுத்துக் கொடுப்பேன். குடித்து முடிக்கிறவரை கண்ணை எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. ஆளை அல்ல, பாட்டிலை.

“நாம சோடா விக்கலடா, பாட்டிலை வாடகைக்கு விடறோம்” என்பார். உள்ளே இருப்பது தண்ணீரும் கேஸும் கொஞ்சம் சர்க்கரைப்பாகும்தான். முதல் போட்டதெல்லாம் கண்ணாடியில்.

அந்தக் கண்ணாடியின் கதை லண்டனில் தொடங்குகிறது. கேஸ் ஏற்றிய பானத்தை அடைத்து வைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஒரு தலைவலி. தக்கை காய்ந்தால் சுருங்கிவிடும், கேஸ் ஓடிவிடும். தக்கை எப்போதும் நனைந்தே இருக்கட்டும் என்று, நிற்கவே முடியாத முட்டை வடிவத்தில் பாட்டில் செய்து படுக்க வைத்தார்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் தக்கையையே தூக்கி எறிந்தார். அவருடைய பாட்டிலில் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயோரம் ஒரு ரப்பர் வாஷர், அவ்வளவுதான் மூடி.

கேஸ் ஏற்றுகிற வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் கெட்டிக்காரத்தனம் புரியும். பாட்டில்களைக் கூண்டில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றுவார்கள். சுற்றச் சுற்ற கேஸ் தண்ணீரில் கரையும். பாட்டில் தலைகீழாகும்போது கோலி உருண்டு வாய்க்கு வரும். உள்ளே இருக்கும் அழுத்தமே அதை வாஷரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நிமிர்த்தினாலும் விழாது. பூட்டு தனியாக வேண்டாம், அடைபட்டதே தன்னைப் பூட்டிக்கொள்கிறது. குடிக்கிறபோது கட்டைவிரலால் ஒரு அழுத்து, ‘டொப்’. கழுத்தில் ஒரு பக்கம் இரண்டு பள்ளம் இருக்கும். அந்தப் பக்கம் கீழே வருகிற மாதிரி சாய்த்தால் கோலி அதில் தங்கி வழிவிடும். மாற்றிப் பிடித்தவருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வெளியூர்க்காரரை அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

குறையும் அந்தக் கழுத்தில்தான். பிரஷ் உள்ளே போகாது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கித்தான் கழுவ வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் 1892-ல் தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு மேல்நாடுகள் கோலியைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஜப்பான்காரர்கள் ‘ராமுனே’ என்று இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே ஓடின. 1916-ல் விருதுநகரில் பழனியப்பன் தொடங்கிய காளிமார்க் போன்ற பெரிய கம்பெனிகளின் கலர் தகர மூடியோடு லாரியில் போகும். எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்காரர்களின் சோடா, சைக்கிள் போய்த் திரும்புகிற தூரம் வரைதான் போகும். பாட்டில் திரும்பி வராத இடத்துக்கு வியாபாரமும் போகக் கூடாது.

அந்த எல்லையை அப்பா ஒரே ஒரு தடவை தாண்டினார், கோடைக்கானலுக்கு. சீசனில் அங்கே கூட்டம் அள்ளும் என்று கேள்விப்பட்டு, பழனியிலிருந்து மலை ஏறுகிற பஸ்ஸின் மேல் ஆறு மரப்பெட்டி, பெட்டிக்கு 24. அவ்வளவு உயரத்தில் வெடித்துவிடுமோ என்று வழியெல்லாம் பயம். ஏழாயிரம் அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. தடிக் கண்ணாடிக்கு அது ஒன்றுமே இல்லை. குளிரில் கேஸ் இன்னும் நன்றாகக் கரைந்து அடங்கி உட்காரும். ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் குளிரில் சோடா கேட்பார் யார்? டீக்கடையில்தான் கூட்டம். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது இரண்டு பெட்டி. மற்றதைப் பற்றிக் கேட்டால் சரக்கு எடுத்த கடைக்காரர் கையை விரித்தார். பிள்ளைகள் கோலிக்காக உடைத்திருப்பார்கள் என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

பிறகு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. திருப்பிக் கேட்கவே வேண்டாத பாட்டில், எங்கள் கணக்கையே முடித்துவிட்டது. பிளாஸ்டிக் சுவர் வழியாகக் கேஸ் மெல்ல மெல்லக் கசிந்து, சில மாதத்தில் சோடா சப்பென்று ஆகிவிடும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானத்தை விற்க மாட்டோம் என்றபோது கோலி சோடாவைத் தேடி ஆள் வந்தது. பாதிப் பேர் வந்தது செல்ஃபிக்கு.

இப்போது திருப்பம் மலைமேலிருந்தே வந்திருக்கிறது. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலோடு கோடைக்கானலுக்குப் போனால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-ல் அறிவித்தார்கள். மலைப்பகுதி டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். அப்பா இருந்திருந்தால், “அட, நம்ம கணக்கு” என்றிருப்பார்.

போன மாதம் கோடைக்கானல் போகும் வழியில், பெருமாள்மலையில் ஒரு கடைக்காரத் தம்பி, நான் காட்டிய கண்ணாடிப் பாட்டிலைக் கையில் வைத்து எடை பார்த்தார். “பாட்டிலுக்கு எவ்வளவுண்ணா அட்வான்ஸ் பிடிப்பீங்க?” என்றார். சொன்னேன். “சோடாவை விடப் பாட்டில் காசு அதிகமா இருக்கே?” என்றார்.

“அப்படித்தான் இருக்கணும் தம்பி” என்று ஒரு பெட்டியை இறக்கி வைத்தேன். ஒன்றே ஒன்று.