எர்துகுருல் போர்க்கப்பலின் சிங்கப்பூர் வருகை

எர்துகுருல்: உதுமானியப் பேரரசின் மரப் போர்க்கப்பல். இஸ்தான்புல்லில் கட்டப்பட்டு 1863-இல் நீரில் இறக்கப்பட்டது. பாய்மரமும் நீராவியும் கொண்டு இயங்கியது. 1889 நவம்பர் முதல் 1890 மார்ச் வரை சிங்கப்பூரில் தங்கியிருந்தது.

பின்னணி: ஜப்பானிய இளவரசர் கோமாட்சு 1887-இல் இஸ்தான்புல்லுக்கு வந்து சென்றார். அதற்குப் பதில் மரியாதையாக, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, ஓஸ்மான் பாஷா தலைமையில் இக்கப்பலை ஜப்பானுக்கு அனுப்பினார். 1889 ஜூலையில் புறப்பட்ட கப்பல் சூயஸ் கால்வாயில் தரைதட்டிப் பழுதடைந்தது. பின்னர் பம்பாய், கொழும்பு வழியாகச் சிங்கப்பூரை அடைந்தது.

சிங்கப்பூரில்: உதுமானிய சுல்தானைக் கலீபாவாக (இஸ்லாமிய உலகத் தலைவராக) மதித்த முஸ்லிம்கள் பலர் வாழ்ந்த துறைமுகம் இது. சூலியா பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் தமிழ் முஸ்லிம்களின் வேரூன்றிய வாழ்வுக்குச் சான்றாக அன்றே நின்றன. மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ தமிழ் வார இதழும் அக்காலத்தில் வெளிவந்தது.

முடிவு: 1890 ஜூனில் யோகோஹாமாவை அடைந்த கப்பல், திரும்பும் வழியில் செப்டம்பர் 16 அன்று புயலில் சிக்கி, ஜப்பானின் ஓஷிமா தீவருகே பாறையில் மோதி மூழ்கியது. ஓஸ்மான் பாஷா உட்பட ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிர் தப்பிய 69 பேரை ஏழைத் தீவுவாசிகள் தம் உணவையும் உடையையும் கொடுத்துக் காத்தனர். என்றும் போற்றத்தக்க மனிதநேயம் அது.

தொடர்ச்சி: கப்பலின் வருகைக்குப் பின்னரும் சிங்கப்பூருடனான உதுமானியத் தொடர்பு நீடித்தது. உதுமானியக் கன்சல் ஜெனரலாகச் சிங்கப்பூருக்கு வந்த அகமது அத்தாவுல்லா எஃபெண்டி 1903-இல் இங்கேயே காலமானார்.