பிளாவும் பேணியும் கிளாசும்: யாழ்ப்பாணத்து உணவுக்கடையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

வீட்டுக்கு வெளியே காசு கொடுத்து உண்ணுதல் ஆராய்ச்சிக்குரிய பொருளன்று என எண்ணுவோர் நம்மிடையே உளர். தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடந்து வரும் வழிப்போக்கன் ஒருவன் கடையொன்றினுள் நுழைகிறான்; வாங்கில் அமர்கிறான்; இரண்டு வடையும் ஒரு தேநீரும் கேட்கிறான்; உண்டு முடித்துக் காசைக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போகிறான். இதிலே வரலாறு எங்கே இருக்கிறது என்று அவர்கள் வினவக்கூடும். ஆயின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அவ்வாங்கில் அமரும் உரிமைக்காக மனிதர் திரண்டனர்; அடிபட்டனர்; வழக்கு மன்றங்களில் நிறுத்தப்பட்டனர். இன்று எளிதாகத் தோன்றும் செயலொன்று எத்தகைய விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பதை மறப்பது வரலாற்றையே மறப்பதாகும்.

இம்மாற்றத்தை விளக்க முற்படுவோர் பொதுவாக இரு கருத்துகளை முன்வைப்பர். காலம் மாறியது, கல்வி பரந்தது, நாகரிகம் வளர்ந்தது, ஆகவே கடைகளும் திறந்தன என்பது ஒன்று. பணப் பொருளாதாரம் பரவியதும் சாதிக் கட்டுகள் தாமாகவே தளர்ந்தன என்பது மற்றொன்று. பின்னையது முற்போக்காளர் சிலரிடத்தும் காணப்படுவதால் கூடுதலான கவனத்துக்குரியது. இவ்விரு கருத்துகளும் உண்மையை முழுமையாகக் காட்டவில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ விழைவது. அதற்கு உணவை விட, உணவு பரிமாறப்பட்ட கலம் சிறந்த சான்றாக அமைகிறது.

2

பிறருக்கு உணவளித்தலைத் தமிழிலக்கிய மரபு தொன்றுதொட்டுப் போற்றி வந்துள்ளது. காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி ஆறுபோல ஓடித் தெருவைச் சேறாக்கியதைப் பட்டினப்பாலை வருணிக்கிறது. அந்நகரிலே கள் விலைபகர்வோர் கொடி கட்டியிருந்ததையும் அதே நூல் கூறும். எனவே ஈகையாகப் பெறும் உணவும் விலைக்குப் பெறும் உணவும் அருகருகே நிலவியமை தெளிவாகும். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி முதலாவது வகையின் உச்சக் குறியீடு. அக்கலம் கிடைத்த மணிபல்லவத்தை நயினாதீவோடு இணைத்துக் காணும் மரபு ஈழத்தில் உண்டு.

தொண்டைமானாறு இம்மரபின் உயிருள்ள நிலைக்களங்களுள் ஒன்று. இவ்வூர்ச் செல்வச்சந்நிதி முருகனை மக்கள் 'அன்னதானக் கந்தன்' என்றே அழைப்பர். பிராமணரல்லாத பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு பூசை செய்வதும், ஆலமிலையில் அமுது படைப்பதும் இக்கோயிலின் தனித்துவமான வழக்கங்கள். ஆவணித் திருவிழாக் காலத்திலே கோயிலைச் சூழவுள்ள மடங்களில் ஆயிரக்கணக்கானோர் உணவு கொள்கின்றனர். பசித்து வந்தவனுக்குச் சோறிடும் இவ்வழக்கத்தின் மனிதநேயத்தை நாம் குறைத்து மதிப்பிடல் ஆகாது.

ஆயினும் ஈகையாக வரும் சோற்றுக்கும் உரிமையாகப் பெறும் சோற்றுக்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. அன்னதானத்திலே கொடுப்பவன் புண்ணியம் பெறுகிறான். பெறுபவன் பசி தீருகிறான். இருவரின் சமூக நிலையும் மறுநாள் முன்போலவே இருக்கும். கடையிலோ நிலைமை வேறு. அங்கே இருவர் பண்டத்தின் உரிமையாளராகச் சந்திக்கின்றனர். ஒருவனிடம் தேநீர், மற்றவனிடம் காசு. கொள்கையளவில் இருவரும் சமன். கொள்கையளவிலான இச்சமத்துவம் நடைமுறையிலே எவ்வாறு மறுக்கப்பட்டது என்பதே உணவுக்கடையின் வரலாறாகும்.

3

யாழ்ப்பாணச் சமூகத்தில் 'பஞ்சமர்' எனப்பட்டோர் ஐந்து சாதியினர்: வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகள் பற்றிய விதிகள் இடம்பெற்றுள்ளன. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் நிலமும் கிணறும் முன்னைய உடைமையாளரிடமே இருந்தமையால், அடிமை என்ற சொல் போயிற்றேயன்றி, சார்பு நிலை போகவில்லை. பிறர் காணியிற் குடியிருந்து, பிறர் கிணற்றில் வார்த்த தண்ணீருக்காகக் குடத்துடன் காத்து நின்றோரே இவ்வரலாற்றின் நாயகர்.

இச்சமூகத்தின் பழைய கலங்கள் தீட்டுக் கோட்பாட்டுக்கு ஏற்றவாறு அமைந்தவை. நல்ல குடும்பங்களின் வீட்டிலிருந்த மூக்குப்பேணியை உதட்டில் வையாது அண்ணாந்து குடிக்கலாம். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவோ ஒருமுறை பயன்படுத்தியபின் எறியப்படுவது. கள்ளும் கூழும் அதிலேயே பருகப்பட்டன. ஒன்று உதடு படாத கலம். மற்றது உதடு பட்டபின் எஞ்சாத கலம். இரண்டிலும் ஒருவன் வாய் வைத்ததில் மற்றவன் வாய் வைக்க வேண்டிய தேவை எழவில்லை.

கள்ளுத் தவறணை இதனை விளக்கும். 'தவறணை' என்ற சொல்லே போர்த்துக்கேயர் வழி வந்தது. கள்ளோடு பொரித்த மீனோ அவித்த கடலையோ தொட்டுக்கொள்ளக் கிடைக்கும் இவ்விடத்திலே, பல சாதியாரும் தத்தம் பிளாவை ஏந்தினர். இதைக் கொண்டு தவறணையைச் சமத்துவபுரி எனக் கொள்ளுதல் பேதைமை. மரமேறிக் கள்ளிறக்கியவனின் உழைப்பைச் சுவைத்தவர் அவனைத் தம் வீட்டு வாசலுக்கு அப்பால் நிறுத்தியே வைத்தனர். பிளா சாதியை ஒழிக்கவில்லை. சாதிகள் ஒரே இடத்தில் நின்று குடிப்பதற்கு வசதி செய்து கொடுத்தது, அவ்வளவே.

4

தேநீர்க்கடையின் வருகை இந்த ஒழுங்கைக் குலைத்தது. 1867இல் லூல்கந்துரையில் வணிகப் பயிராகத் தொடங்கிய தேயிலை, கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் மலையகம் முழுவதும் பரந்தது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் உழைப்பிலே விளைந்த அப்பண்டம், இருபதாம் நூற்றாண்டில் குடாநாட்டின் சந்திகளிலும் பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் விற்பனைக்கு வந்தது. தேநீர்க்கடை புதிய பொது இடமாயிற்று. பத்திரிகை வாசித்தலும் அரசியல் பேசுதலும் அங்கேயே நிகழ்ந்தன.

இக்கடையின் கலம் கிளாசு. அது உதட்டில் வைத்துக் குடிப்பதற்கானது. குடித்தபின் கழுவி அடுத்தவனுக்குக் கொடுப்பதற்கானது. வாங்கும் அத்தகையதே, ஒருவன் எழுந்த இடத்தில் மற்றொருவன் அமர்வான். எனவே மூக்குப்பேணியும் பிளாவும் தவிர்த்து வந்த பிரச்சினையைக் கிளாசு நேரடியாக எழுப்பியது. கடைக்காரர் கண்ட தீர்வு யாது? தாழ்த்தப்பட்டோருக்குத் தனிப் பேணி, தகர டப்பா, அல்லது போத்தல். அமர்வதற்கு வாங்கு இல்லை. வெளியே நின்றோ நிலத்தில் குந்தியிருந்தோ குடிக்க வேண்டும். விலை மட்டும் ஒன்றே.

நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இது. இந்தியாவில் புகையிரதப் பாதைகளின் வழிவரும் நவீன கைத்தொழில், சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழிற்பிரிவினையைக் கரைத்துவிடும் என 1853இல் மார்க்ஸ் எதிர்பார்த்தார். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடை அவ்வெதிர்பார்ப்புக்கு ஒரு திருத்தம். சந்தை வந்தது; பணமும் வந்தது; சாதி கரையவில்லை. மாறாக, சந்தைக்குரிய புதிய கருவிகளைக் கொண்டே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. முன்பு இல்லாத 'தனிப்போத்தல்' என்ற நிறுவனத்தை உண்டாக்கியது பழமை மட்டுமன்று. சந்தையும் பழமையும் செய்துகொண்ட உடன்படிக்கையே அதனை உண்டாக்கிற்று. உற்பத்தி உறவுகள் மாறாத இடத்தில் பரிவர்த்தனை மட்டும் மாறுவதாற் பயனில்லை என்ற பாடத்தை இங்கு நாம் பெறுகிறோம்.

5

ஒருங்கிருந்து உண்ணல் இருபதாம் நூற்றாண்டுக்குரிய போராட்டமாக முன்னரே உருப்பெற்றிருந்தது. தமிழகத்துச் சேரன்மாதேவி குருகுலத்திலே பிராமண மாணவருக்குத் தனிப்பந்தி வைத்தமை 1920களின் நடுப்பகுதியில் பெருங்கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1927இல் காந்தியடிகளை வரவழைத்த மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்து, தீண்டாமையை எதிர்த்து நின்றது. பாடசாலைகளிலே சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கைகள் எழுந்தன. 1930ஐ அடுத்துச் சம ஆசனத்தை நடைமுறைப்படுத்திய பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்வதைப் பொறாது பள்ளிக்கூடத்தையே கொளுத்திய சமூகத்திலே, தேநீர்க்கடை வாங்கு இலகுவில் விட்டுக்கொடுக்கப்படும் என எதிர்பார்த்தல் இயலாது.

1940களின் முற்பகுதியில் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபை இக்கோரிக்கையை நிறுவன வடிவில் முன்னெடுத்தது. 1956இல் பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து கொம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பொன். கந்தையா பாராளுமன்றத்துக்குத் தெரிவானமை வடமராட்சியில் முற்போக்குச் சிந்தனை பெற்றிருந்த வேரைக் காட்டும். அடுத்த ஆண்டு, 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறியது. கடை, உணவுச்சாலை முதலிய பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் அதன்படி குற்றமாயிற்று. நகரக் கடைகள் சில திறந்தன. கிராமங்களிலே சட்டம் ஏட்டளவில் நின்றது. காரணம் வெளிப்படை. முறையிட வேண்டியவன் குடியிருந்த காணி, முறைப்பாட்டுக்குரியவரின் உறவினர் காணி. அடுத்த நாள் கூலியும் தண்ணீரும் அவர்கள் கையிலேயே இருந்தன. பொருளாதாரச் சார்பைத் தொடாத சட்டம் இவ்வாறு முடங்குதல் இயல்பே.

நிலைமையை மாற்றியது அணிதிரண்ட வெகுசனமாகும். 1964இல் கொம்யூனிஸ்ட் கட்சி பிளவுற்றபின், நா. சண்முகதாசன் தலைமையிலான பிரிவின் வழிகாட்டலில் 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகர் நோக்கி ஊர்வலமொன்று புறப்பட்டது. பொலிசாரின் தாக்குதலையும் மீறி அது முன்னேறியது. இதனைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருப்பெற்றது. சங்கானையிலும், தென்மராட்சியிற் கொடிகாமத்திலும், வடமராட்சியில் நெல்லியடி, கரவெட்டி, கன்பொல்லைப் பகுதிகளிலும் தேநீர்க்கடைப் பிரவேசமும் அதனையொட்டிய போராட்டங்களும் நிகழ்ந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றது. தாக்குதல்களும் உயிரிழப்புகளும் நேர்ந்தன. போராடியோர் கேட்டது பெருஞ்செல்வமன்று. தாம் விலை கொடுத்த தேநீரைப் பிறர் குடிக்கும் கிளாசில், பிறர் அமரும் வாங்கில் இருந்து குடிப்பதையே அவர்கள் கேட்டனர்.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய தனிநிகழ்வன்று. 1957இல் பெரியார் இயக்கத்தினர் சென்னைத் திருவல்லிக்கேணியில் உணவுவிடுதியொன்றின் 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகைக்கு எதிராக மறியல் செய்தனர். 1960 பெப்ரவரி 1ஆம் நாள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிறீன்ஸ்பரோ நகரிலே கறுப்பின மாணவர் நால்வர் வுல்வேத் கடையின் உணவுமேடை முன் அமர்ந்து, பரிமாற மறுக்கப்பட்டும் எழாதிருந்தனர். அக்கடையில் அவர்கள் பொருள் வாங்கலாம். அமர்ந்து உண்ண முடியாது. காசை ஏற்று மனிதனை மறுக்கும் அதே முரண்பாடு அங்கும் தொழிற்பட்டது. அங்கும் அதனைத் தீர்த்தது சந்தையின் கருணையன்று, அமர்ந்தவர்களின் உறுதியே.

6

ஈழத்து முற்போக்கு இலக்கியம் இவ்வரலாற்றோடு பிணைந்து வளர்ந்தது. வடமராட்சியைச் சேர்ந்த என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்ற சிறுகதை, சமத்துவம் பேசும் ஒருவர் தம்மை நாடி வந்த தாழ்த்தப்பட்டோரை வீட்டினுள் அழைக்க மனமின்றி, நிலவின் அழகைக் காரணங்காட்டி வெளியே நிறுத்திப் பேசுவதைச் சித்திரிக்கிறது. 1960இல் வெளிவந்த டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்', 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' என்பனவும் ஈண்டு நினைக்கத்தக்கன. இவற்றை வெறும் பிரசாரம் என ஒதுக்கியோர், ஒரு கிளாசு தண்ணீர் மறுக்கப்படுவதன் பொருளை அறியாதவராவர். அல்லது அறிய விரும்பாதவராவர்.

எனினும் அப்போராட்டத்தின் எல்லைகளையும் நாம் மறைத்தல் தகாது. கடை வாங்கில் அமரும் உரிமைக்காக நடந்த போராட்டத்தின் முன்னணியிற் பெரிதும் பேசப்பட்டோர் ஆண்கள். தேநீர்க்கடையும் தவறணையும் நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே இருந்தன. இரு சாராரின் வீடுகளிலும் அடுப்பெரித்த பெண்ணுக்கு அவ்வாங்கில் இடமிருக்கவில்லை. மேலும், கடை திறந்ததோடு காணியும் கிணறும் திறந்துவிடவில்லை. 1980களின் பின் வந்த போரும் இடப்பெயர்வும் பல சாதியாரை ஒரே முகாமில் ஒரே வரிசையில் உணவுக்காக நிறுத்தின. அந்நிர்ப்பந்தம் நீங்கியபின் பழைய வேலிகள் எழவேயில்லை என்று எவரும் துணிந்து கூறார்.

இன்று குடாநாட்டின் நகரங்களிலே குளிரூட்டப்பட்ட உணவகங்கள் பெருகியுள்ளன. ஸ்பெயின் நாட்டின் ஊர்த் தவறணைகளில் மதுவோடு சிறுதட்டில் வைக்கப்பட்ட எளிய தொடுகறி, 'தாப்பாஸ்' என்ற பெயரிலே உலக நகரங்களில் உயர்விலை உணவாகிவிட்டது. நமது ஒடியற் கூழும் அவ்வழியே உல்லாசப் பயணிகளுக்குரிய பண்டமாகி வருகிறது. பிளாவிற் பருகுதல் இப்பொழுது அழகியல் அனுபவம். அங்கே தனிப்போத்தல் இல்லை, விலைப்பட்டியலே வாயிற்காவலன். கள்ளிறக்குபவனும் மீன்பிடிப்பவனும் தாம் தந்த பொருள் பரிமாறப்படும் மேசையில் அமர இயலாத நிலை, வேறொரு வடிவில் தொடர்கிறது.

ஆகவே உணவுக்கடையின் வரலாறு முற்றுப்பெற்ற ஒன்றன்று. சந்நிதி மடத்துப் பந்தியிலே பசி தீர்ந்தது. தவறணையிலே கூடி நிற்றல் கைகூடிற்று. தேநீர்க்கடை வாங்கிலேதான் மனிதர் தம்மைச் சமமானவராக ஏற்குமாறு சமூகத்தை வற்புறுத்தினர். அவ்வுரிமையைக் காலம் தரவில்லை, பணமும் தரவில்லை, சட்டம் மட்டுமும் தரவில்லை. பெயர் தெரியாத கூலித் தொழிலாளரும் சிறு கைவினைஞரும் ஒன்றுதிரண்டு அதனைப் பெற்றனர். பாலத்தைக் கடந்து வரும் அவ்வழிப்போக்கன் எவரையும் கேளாமல் வாங்கில் அமர்ந்து, பலர் வாய் வைத்த கிளாசில் தானும் குடித்துவிட்டுப் போகிறானே, அந்தச் சாதாரணத் தன்மையே அவர்கள் ஈட்டிய வெற்றியாகும். அதனைக் காப்பதும், அது இன்னும் எட்டாத இடங்களுக்குக் கொண்டு செல்வதும் நமது தலைமுறையின் கடமை.