பழைய கணினிக்குப் புதிய விண்டோஸ் தேவைதானா?

"ஹழ்ரத், விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சாமே! லேப்டாப்பை மாத்தச் சொல்றாங்க. மாத்தித்தான் ஆகணுமா?"

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது இப்படிக் கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். மகனின் கல்லூரிப் படிப்புக்காக ஏழெட்டு வருடங்களுக்கு முன் வாங்கிய மடிக்கணினியில் இன்று மகள் படிக்கிறாள், இரவில் வாப்பா கடைக்கணக்கு எழுதுகிறார். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. "இனி ஓடாது" என்று யாராவது சொல்லியிருந்தால் அது உண்மையல்ல. "ஒன்றும் ஆகாது, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்" என்பதும் சரியான ஆலோசனை அல்ல.

நடந்தது இதுதான். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. கணினி நிற்காது. ஆனால் அதன்பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு வழக்கமாக மாதந்தோறும் வந்துகொண்டிருந்த அடைப்பு இனி தானாக வராது. வீட்டுப் பூட்டு பழுதாகவில்லை. அதைத் திறக்கும் கள்ளச்சாவி சந்தைக்கு வந்தாலும் பூட்டை மாற்றித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதை வெறும் வியாபாரப் பயமுறுத்தல் என்று நினைப்பவர்கள் 2017 மே மாதத்தை நினைத்துப்பார்க்கலாம். 'வான்னாகிரை' என்ற பணயத்தீம்பொருள் ஒரே நாளில் பல நாடுகளின் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பின்னர் சொன்னது. கவனிக்க வேண்டியது, அந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்னதாக, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அங்கே சிக்கியவற்றில் பெரும்பாலானவை அப்போது ஆதரவிலிருந்த விண்டோஸ் 7 கணினிகள்; வந்த அடைப்பைப் போடாமல் விட்டிருந்தார்கள். ஆகவே புதிய இயங்குதளத்துக்கு மாறிவிட்டு "அப்டேட்" கேட்கும்போதெல்லாம் தள்ளிப்போட்டால் மாறியதில் பயனில்லை.

முடிவெடுக்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கணினியின் வயது பற்றியது அல்ல. அதற்குள் யாருடைய தகவல் இருக்கிறது என்பதே. குழந்தைகள் பாடம் பார்க்கவும் பயான் கேட்கவும் மட்டும் இருக்கும் கணினி கெட்டால் இழப்பு உங்களோடு போயிற்று. ஆனால் வங்கிக் கணக்கு திறக்கும் கணினி, வாடிக்கையாளர் பாக்கி எழுதிய கணினி, மஹல்லா அலுவலகத்தின் நிகாஹ் பதிவேடும் சந்தா விவரமும் ஜகாத் பெறுவோர் பட்டியலும் உள்ள கணினி ஆகியவை வேறு. அங்கே இருப்பது பிறருடைய அமானிதம். யார் ஜகாத் வாங்குகிறார் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஏற்படும் சங்கடத்தை எந்த நிர்வாகமும் ஈடுசெய்ய முடியாது. பள்ளிவாசலுக்குத் தானமாக வரும் கணினி எப்போதும் யாரோ ஒருவர் வீட்டில் ஓய்வு கொடுத்த கணினியாகவே இருப்பதால், இதை நிர்வாகிகள் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் என்பவை பெரும்பாலும் தடையல்ல. தடையாக நிற்பவை இரண்டு: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, மற்றும் பிராசசரின் தலைமுறை. இன்டெல் பிராசசரில் பெயருக்குப் பின்வரும் எண்ணே தலைமுறையைச் சொல்லிவிடும். ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, ஏற்கும். ஐ5-7200 என்றால் ஏழு, ஏற்காது. ஐ3-6006 என்றால் ஆறு, ஏற்காது. ஏழாம் தலைமுறையில் மிகச்சில மட்டும் விதிவிலக்கு. ஏஎம்டி ரைசனில் எண்ணை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வது கடினம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற மென்பொருளை ஓடவிட்டால் அதுவே சொல்லிவிடும். யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. டிபிஎம் இல்லை என்று அது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். கடையில் அசெம்பிள் செய்த பல கணினிகளில் அந்த வசதி இருக்கும், ஆனால் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் 'பிடிடி' என்றும் ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்றும் இருப்பதை இயக்கினால் போதும். இது தெரியாமல் நல்ல கணினியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்கும் என்றால் மாறிவிடுங்கள். அசல் விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு இது இலவசம். பிடிக்காவிட்டால் பத்து நாட்களுக்குள் பழையதற்கே திரும்பும் வசதியும் உண்டு.

ஏற்காது என்றால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தடையைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11-ஐ வலிந்து ஏற்றித்தர ஆட்கள் இருக்கிறார்கள். ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் இப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று உறுதி கிடையாது என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவிட்டது. எதற்காக மாறுகிறோமோ அதுவே உறுதியில்லை என்றால் கணக்கு வழக்கு உள்ள கணினியில் இதைச் செய்யாதீர்கள்.

அவகாசம் வேண்டுவோருக்கு ஒரு வழி உண்டு. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அடைப்புகளை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பெறும் திட்டம் அது. 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருக்க வேண்டும். 30 டாலர் கட்டலாம். அல்லது கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை. மகளின் படிப்பு முடியும்வரை, அல்லது கையில் பணம் சேரும்வரை தள்ளிப்போட இது போதும். அதற்கு மேல் இதை நம்பியிருக்க முடியாது.

இன்னொரு வழி லினக்ஸ். பெயரைக் கேட்டாலே பயப்படுகிறோம், ஆனால் தமிழக அரசு 2011-லிருந்து மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது; பிள்ளைகள் அதைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். 'லினக்ஸ் மின்ட்' 22 பதிப்புக்கு 2029 வரை அடைப்புகள் வரும், விலை கிடையாது, 4 ஜிபி ராம் உள்ள கணினியிலும் சமாளித்துக்கொண்டு ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. கணினியில் எதையும் மாற்றாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப்பார்க்கலாம். வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இணையம், மின்னஞ்சல், கடிதம், வகுப்பு இவ்வளவுதான் வேலை என்றால் இது தாராளமாகப் போதும். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கோ, பேஜ்மேக்கரில் நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்தாருக்கோ இதைச் சொல்ல மாட்டேன். அந்த மென்பொருள்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. அச்சகத்தார் பழைய மென்பொருளுக்காகப் பழைய கணினியை வைத்திருப்பது சரியே. இணையத்தைத் துண்டித்துவிட்டு வைத்திருக்கட்டும். பென் டிரைவ் வழியாகவும் வைரஸ் வரும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கள்ளப் பதிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'ஆக்டிவேட்டர்' என்று ஒன்றைப் போட்டு விண்டோஸை ஏமாற்றித்தருவது நம்மூரில் சர்வசாதாரணமாகிவிட்டது. 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள் என்றும் அவற்றை மீறக் கூடாது என்றும் தீர்மானித்திருக்கிறது. மார்க்கம் ஒருபுறம் இருக்க, அந்த ஆக்டிவேட்டரை ஓட்ட முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். திருடனை விருந்தாளியாக அழைத்து, நாயையும் கட்டிப்போடுவது போன்றது அது.

கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இயங்குதளத்தை மாற்ற நினைத்தால் பலன் இருக்காது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள். புதிய மடிக்கணினியின் விலையில் சிறு பங்குதான் செலவாகும். இந்த இரண்டையும் செய்தபின் அதே கணினியா இது என்று கேட்பீர்கள்.

எந்த வழியில் போனாலும், தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும்போது பல கணினிகளில் டிஸ்க் தானாகவே மறைகுறியாக்கப்படும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எழுதி நிகாஹ் பத்திரம், வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். பழைய கடிதங்களில் 'லதா' எழுத்துரு காணவில்லை என்று வந்தாலும் பதற வேண்டாம். இப்போது அது கூடவே வருவதில்லை. அமைப்புகளில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழ் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் வந்துவிடும்.

பழையதை யாருக்காவது கொடுப்பதென்றால், 'ரீசெட்' செய்யும்போது தகவலை முழுதாகத் துடைக்கும் தெரிவைப் போட்டுவிட்டுக் கொடுங்கள். கணினி திறக்கவே இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.