பின்னோக்கிப் பாய்ந்த தண்ணீர்

முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளைக்கு அருகே உள்ள தண்ணீரூற்று ஊற்றுக்கும் கிணற்றுக்கும் பழகிய ஊர். அந்த வன்னிப் பகுதியில் கிணற்றைச் சுற்றிக் கட்டு எழுப்புவார்கள். குளித்த தண்ணீர் வெளியே வழிந்து வாழைக்குப் போக வாய்க்கால் வெட்டுவார்கள். ஒருமுறை ஊற்றிய தண்ணீர் மீண்டும் கிணற்றுக்குள் இறங்காமல் இருக்க அதுவே காவல்.

குழாய் வந்தபோது ஆபத்து கண்ணுக்கு மறைந்தது. குழாயில் அழுத்தம் குறைந்தால், அதன் வாய் மூழ்கியிருக்கும் அழுக்குத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். 1933இல், உலகக் கண்காட்சி நடந்த சிக்காகோவில், இரண்டு ஹோட்டல்களின் பழுதான குழாய் இணைப்புகளால் கழிவு குடிநீரில் கலந்தது. அமீபா வயிற்றுளைவு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 98 பேர் இறந்தார்கள்.

டில்லியில் நடந்தது இன்னும் பெரிது. 1955 நவம்பரில், யமுனை வெள்ளத்தைத் தொடர்ந்து, நஜப்கர் வடிகாலின் கழிவு பின்னோக்கி ஏறி, வசீராபாத்தில் நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தையே அடைந்தது. குளோரினைக் கூட்டினார்கள், வைரஸ் தப்பிவிட்டது. அடுத்த வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்குச் செங்கமாரி கண்டது. கர்ப்பிணிகளின் இறப்புகளே அதில் மிகக் கொடியவை. பிற்காலத்தில்தான் அது ஹெபடைடிஸ் ஈ என்று தெரிந்தது.

குழாய் அழுக்கைப் பின்னோக்கி உறிஞ்சாமலிருக்க மிகப் பழைய, மிக நம்பகமான தடுப்பு வெறும் காற்றிடைவெளி. தாங்கியின் விளிம்புக்கு மேலே, குழாய் விட்டத்தின் இரு மடங்கு உயரத்திலாவது குழாய் வாய் நிற்க வேண்டும். மருந்து கலக்கும் வாளிக்குள் ஓஸ் பைப்பை அமிழ்த்திவைக்கும் தோட்டக்காரர் அந்த இடைவெளியைத்தான் இழக்கிறார்.